மருந்துத் துண்டில் மறைந்துகிடக்கும் உரிமை

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் முன்னோர் வகுத்த கணக்கு. அவர்கள் காலத்தில் நோய் பெரும்பாலும் காய்ச்சலாக வந்தது, கழிச்சலாக வந்தது. சில நாள் மருந்துண்டபின் நோய் அகன்றது. அன்றேல் நோயாளியே அகன்றார். இன்று நம் இல்லங்களில் நிரந்தரக் குடிகளாக வந்தமர்ந்துள்ள நோய்கள் அத்தகையன அல்ல. நீரிழிவும் இரத்த அழுத்தமும் இருதய நோயும் ஒருமுறை வாசலைத் தாண்டினால், பின் ஆயுட்காலம் முழுவதும் உடனுறைவன. அவற்றிற்கான மருந்தும் ஆயுட்கால மருந்தே. அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாதந்தோறும் பணம் ஒதுக்குவதுபோலக் குளிசைக்கும் பணம் ஒதுக்கவேண்டிய நிலை, கமக்காரர் வீட்டிலும் வந்துவிட்டது. ஆசிரியர், எழுதுவினைஞர் வீட்டிலும் வந்துவிட்டது.

இச்செலவைக் குறைக்க வழியுண்டா? உண்டு. எவரிடமும் சலுகை கேட்டுக் கைகட்டி நிற்கவேண்டியதில்லை. இந்நாட்டின் பாராளுமன்றம் இயற்றிய சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால், திறந்த கதவைக் கடந்து உள்ளே செல்வோர் மிகச் சிலர். கதவு இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், வைத்தியரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ணி வாய் மூடி நிற்கின்றனர். அந்த மௌனத்தின் விலையை மாதந்தோறும் நாமே செலுத்திவருகிறோம் என்பதைச் சுட்டிக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரு மருந்து, பல பெயர்

எந்த மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று மருந்துப் பொருளின் பெயர். அதைப் பொதுப்பெயர் என்போம். மற்றையது கம்பனி சூட்டிய வியாபாரப் பெயர். பொதுப்பெயர் உலகம் முழுவதற்கும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் இப்பெயர்களின் பட்டியலை வெளியிட்டு வருகிறது. வியாபாரப் பெயரோ கம்பனிக்குக் கம்பனி வேறுபடும். பரசிற்றமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது வியாபாரப் பெயர். கொழுப்பைக் குறைக்கும் அற்றோவாஸ்ரற்றின் பொதுப்பெயர். லிப்பிற்றோர் என்பது அதற்கு ஒரு கம்பனி இட்ட பெயர். நீரிழிவுக்கு மெற்போர்மின், இரத்த அழுத்தத்துக்கு லொசாட்டன் ஆகியனவும் பொதுப்பெயர்களே. இவை ஒவ்வொன்றும் பற்பல வியாபாரப் பெயர்களுடன், பற்பல விலைகளில், ஒரே கடையின் ஒரே தட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

விலைகள் ஏன் வேறுபடுகின்றன? புதிய மருந்தைக் கண்டுபிடித்த கம்பனிக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் காப்புரிமை உண்டு. அக்காலத்தில் வேறெவரும் அதைச் செய்து விற்க இயலாது. ஆகவே அக்கம்பனி சொன்னதே விலை. காப்புரிமை முடிந்தபின் பிற கம்பனிகளும் அதே பொருளைத் தயாரிக்கின்றன. ஆராய்ச்சிச் செலவு அவற்றுக்கில்லை, போட்டியும் உண்டு, விலை இறங்குகிறது. எடுத்துக்காட்டாக, லிப்பிற்றோரின் காப்புரிமை 2011இல் அமெரிக்காவில் முடிவடைந்ததும், அதுவரை உலகிலேயே பெருந்தொகை ஈட்டிய மருந்துகளுள் ஒன்றாயிருந்த அது, பல கம்பனிகளின் மலிவான குளிசையாயிற்று. பொருள் ஒன்றே, அளவு ஒன்றே, பெட்டியின் நிறமும் பெயரும் விலையுமே வேறு. ஆயினும் நம்மிற் பலர் இன்றும் பழைய பெயருக்கே பணம் கொடுக்கிறோம். இரு பெயர்களுக்கிடையில் விலை இரு மடங்காக, மும்மடங்காக வேறுபடுவது மருந்துக்கடைகளில் அன்றாடக் காட்சி.

சட்டம் சொல்வது என்ன?

2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை நிறுவப்பட்டது. அச்சட்டம் நோயாளியின் கையில் இரண்டு உரிமைகளைத் தந்தது. வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டில், அதாவது நம்மூரார் துண்டு என்று சொல்லும் அச்சீட்டில், மருந்தின் பொதுப்பெயர் விளங்கக்கூடியதாக எழுதப்படல் வேண்டும் என்பது முதலாவது. வைத்தியர் விரும்பினால் வியாபாரப் பெயரையும் சேர்த்து எழுதலாம். ஆனால் பொதுப்பெயரை விட்டுவிட முடியாது. அப்பொதுப்பெயரில் தம் கடையில் என்னென்ன மருந்துகள் உள்ளன, ஒவ்வொன்றின் விலை என்ன என்பதை மருந்தாளர் வாங்குவோருக்கு எடுத்துச் சொல்லி, எதை வாங்குவதென்ற தெரிவை அவரிடம் விடவேண்டும் என்பது இரண்டாவது.

சட்டத்தோடு தொழில் செய்வோர் ஒன்றை நன்கு அறிவர். உரிமையொன்று ஏட்டில் எழுதப்பட்டவுடன் அது உயிர் பெற்றுவிடுவதில்லை. கேட்பவன் இருந்தால் மட்டுமே உரிமை வாழும். காணிச் சட்டமாயினும் மொழிச் சட்டமாயினும் இதுவே நம் அனுபவம். மருந்துச் சட்டத்துக்கும் வேறு விதி கிடையாது. துண்டில் வியாபாரப் பெயர் மட்டும் கிறுக்கப்பட்டிருக்கையில், "ஐயா, இதன் பொதுப்பெயரையும் தயவுசெய்து எழுதித் தாருங்கள்" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கடையில், "இதே மருந்து குறைந்த விலையில் வேறு பெயரில் உண்டா?" என்று எத்தனை பேர் வினவியிருக்கிறோம்?

இவற்றோடு வேறு இரண்டு பாதுகாப்புகளும் உள்ளன. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு ஆகக்கூடிய சில்லறை விலை வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. பின்னர் அப்பட்டியல் நீண்டது. அவ்விலைக்கு மேல் விற்பது குற்றம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ், வாங்குவோர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வியாபாரி கடமைப்பட்டவர். பற்றுச்சீட்டு இல்லாத முறைப்பாடு சாட்சியில்லாத வழக்குப் போன்றது. ஆகையால் மருந்து வாங்கும்போதெல்லாம் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குக. அதில் மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் விலையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருத்தல் நன்று.

வானத்திலிருந்து விழுந்த உரிமையன்று

பொதுப்பெயர் என்ற எண்ணம் இந்நாட்டுக்கு 2015இல் வந்ததன்று. அதன் வரலாறு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்டது. பெருமையும் துயரமும் கலந்தது. பேராசிரியர் சேனக பிபிலே மருந்தியல் அறிஞர். பேராதனை மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதி. ஏழை நாடு மருந்துக் கம்பனிகளின் பெயர்களுக்குப் பணம் செலுத்தித் தேயக்கூடாதென்பது அவர் கொள்கை. அவரும் வைத்திய கலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அரசுக்கு அளித்த அறிக்கையின் விளைவாக, அதே ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. பிபிலே அதன் முதல் தலைவரானார்.

அக்காலத்தில் தனியார் துறைக்கென ஏறத்தாழ 2,100 மருந்துகள் இறக்குமதியாகிக்கொண்டிருந்தன. அவற்றுட் பல, ஒரே பொருளுக்கு இடப்பட்ட வெவ்வேறு பெயர்கள். சில, பயனற்ற கலவைகள். அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 600 ஆகக் குறைக்கப்பட்டது. உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரி, பொதுப்பெயரில், மொத்தமாகக் கொள்வனவு செய்யும் முறை வந்தது. விலை வீழ்ந்தது, நாட்டின் அந்நியச் செலாவணி மிஞ்சியது. கம்பனிகள் சும்மா இருக்குமா? 1974இல் இந்நாட்டில் வாந்திபேதி பரவியவேளை, கூட்டுத்தாபனம் வேறிடத்தில் வாங்கிய ரெற்றாசைக்கிளின் மூலப்பொருளைக் கூட்டுக் குளிசைகளாக்கித் தர இங்கு தொழிற்சாலை வைத்திருந்த பைசர் கம்பனி மறுத்தது. மருந்தை வெளிநாட்டிலிருந்து விமானம் மூலம் தருவிக்க நேர்ந்தது. பிபிலேயும் ஒக்ஸ்போட் பொருளியலாளர் சஞ்சய லாலும் 1977இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விபரங்கள் பதிவாகியுள்ளன.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. வியாபாரப் பெயர்கள் வெள்ளமென மீண்டும் நுழைந்தன. அதே ஆண்டு செப்டெம்பரில், ஐக்கிய நாடுகளின் பணிக்காகக் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். விதியின் விளையாட்டைப் பாருங்கள்! அவர் மறைந்த அதே 1977இலேதான் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் பங்களாதேசம் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தமிழ்நாட்டில் 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துகளைப் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்கி, பிற மாநிலங்கள் பின்பற்றும் முன்மாதிரியாயிற்று. விதை விதைத்த நாட்டிலோ அது சட்டமாக முளைக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது. ஒரு நல்லறிஞன் வகுத்த திட்டத்தை அதிகாரத்தில் இருப்போர் குலைத்தபோது, அதனாற் பயன் பெற்ற மக்கள் அதைக் காக்க எழவில்லை. இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.

2022இல் நாம் கண்டது

கேட்காதிருப்பதன் விலை என்னவென்பதை 2022ஆம் ஆண்டு அனைவருக்கும் உணர்த்தியது. அவ்வாண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. மருந்துகளிற் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இறக்குமதி செய்யும் நாடு இது. மார்ச்சில் மருந்து விலையை 29 சதவீதம் உயர்த்த அனுமதி வழங்கப்பட்டது; ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளின் விலை மேலும் 40 சதவீதம் உயர்த்தப்பட்டது. 2023 ஜூனில் 60 மருந்துகளின் விலை 16 சதவீதம் குறைக்கப்பட்டது. ஏறியது எவ்வளவு, இறங்கியது எவ்வளவு என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வெங்காயம் நட்டு வாழும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். உரமும் எண்ணெயும் விலையேறிய ஆண்டில், அவர் உண்ணும் மூன்று வகைக் குளிசைகளும் விலையேறின. அவர் என்ன செய்வார்? நாளொன்றுக்கு இரண்டு குளிசை என்பதை ஒன்றாக்குவார். "உடம்பு சுகமாய்த்தானே இருக்கிறது" என்று அழுத்தக் குளிசையை நிறுத்துவார். இரத்த அழுத்தம் வலிக்கும் நோயன்று, ஓசையின்றி ஏறுவது. ஒரு நாள் தோட்டத்தில் இறைத்துக்கொண்டிருக்கையில் பாரிசவாதத்தால் வீழ்வார். அதன்பின் அக்குடும்பம் இழப்பது குளிசைக் காசை மட்டுமன்று. உழைக்கும் கையை, பயிரை, பிள்ளையின் படிப்பை. மலிவான பெயரில் அதே குளிசை அதே கடையிலேயே இருந்தது என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லையென்றால், அக்குற்றத்தில் படித்தவர்களாகிய நமக்குப் பங்கில்லையா?

மலிவானது மட்டமானதா?

"காசுக்கேற்ற தோசை" என்று சொல்லி, விலைகூடிய மருந்தே வேலை செய்யும் என நம்புவோர் நம்மிற் பலர். கற்றவர்களிடையே இந்நம்பிக்கை கூடுதலாகவே உண்டு. இதற்கு நேரான மறுமொழி அளிப்பது கடமை.

பதிவு செய்யப்பட்ட பொதுப்பெயர் மருந்து, மூல மருந்தில் உள்ள அதே பொருளை அதே அளவிற் கொண்டிருக்க வேண்டும். வாய்வழி உட்கொள்ளும் பல மருந்துகளுக்கு, இரத்தத்தில் அது சேரும் அளவும் வேகமும் மூல மருந்தினதை ஒத்திருப்பதைச் சோதனையாற் காட்டவேண்டுமென்பது உலகெங்கும் கைக்கொள்ளப்படும் நியமம். அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் மக்கள் உண்ணும் மருந்துகளிற் பெரும்பாலானவை பொதுப்பெயர் மருந்துகளே. இலண்டனில் வாழும் நம் உறவினர் அரச வைத்திய சேவையிற் பெறுவதும் அவையே. செல்வந்த நாடு பொதுப்பெயரை ஏற்க, கடன்பட்ட நாடு வியாபாரப் பெயரைச் சுமப்பது எந்த நியாயம்?

ஆயினும் மக்களின் ஐயத்தை முற்றாகப் புறந்தள்ளுவதும் நேர்மையாகாது. நெருக்கடியைக் காரணங்காட்டிப் பதிவின்றி மருந்து இறக்குமதி செய்ய விலக்களிக்கும் வழக்கம் இந்நாட்டில் வளர்ந்தது. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து போலி ஆவணங்களின் மூலம் அரச வைத்தியசாலைகளுக்குக் கொள்வனவு செய்யப்பட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சரே கைதானார். வழக்கு நீதிமன்றம் சென்றது. தீர்ப்பை நாம் முன்கூட்டிச் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்றைச் சொல்லலாம். பதிவும் சோதனையும் தவிர்க்கப்பட்டால் எந்த விலை மருந்தும் ஆபத்தானதே. ஆகவே நாம் வினவவேண்டியது, "இதன் விலை கூடியதா?" என்பதன்று, "இது பதிவு பெற்றதா? காலாவதித் திகதி எது? உரிமம் பெற்ற கடையா? மருந்தாளர் அங்கே நிற்கிறாரா?" என்பனவே.

எங்கே சிக்கனம் கூடாது

செலவைக் குறைக்கும் முயற்சிக்கும் எல்லையுண்டு. மூன்றை வலியுறுத்துகிறோம். மருந்தின் பெயரை மாற்றலாம். அளவைக் குறைத்தலும் நாளைத் தவிர்த்தலும் கூடாது. நீரிழிவு, அழுத்த மருந்துகளைச் சுகம் தெரிந்ததென்று தாமாக நிறுத்துவோர், பின்னர் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் பன்மடங்கு செலவிடுவர்.

இரண்டாவது, சில மருந்துகளில் ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி மாறுவது உகந்ததன்று. வலிப்புக்கான பெனிற்றோயின், இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் வாபரின், தைரொயிட்டுக்கான லீவோதைரொக்சின் முதலியவற்றின் பயனுள்ள அளவுக்கும் கெடுதியான அளவுக்கும் இடைவெளி குறுகியது. சிறு வேறுபாடும் பொருட்படுத்தத்தக்கது. இவற்றை வைத்தியரைக் கேளாது மாற்றவேண்டாம். மூன்றாவது, பெரிய குளிசையை வாங்கி இரண்டாய் உடைத்துண்பது எல்லா மருந்துக்கும் பொருந்தாது. உடலில் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட குளிசையை உடைத்தால், நாள் முழுதும் சேரவேண்டிய மருந்து ஒரே வேளையிற் சேர்ந்துவிடும். மருந்தாளர் சரி என்றபின்பே உடைத்தல் வேண்டும்.

துண்டின்றி வாங்கும் மருந்துகள்

வைத்தியரிடம் செல்லாமல் நாமே வாங்கும் மருந்துகளில் வீணாகும் பணம் சிறிதன்று. தடிமனுக்கென விற்கப்படும் கலவைக் குளிசைகளிற் பலவற்றின் உள்ளே இருப்பது பரசிற்றமோலே. அதையும் உண்டு, காய்ச்சலுக்கெனத் தனியே பனடோலும் உண்பவர் ஒரே மருந்துக்கு இரு முறை பணம் கொடுக்கிறார். பணம் போவது மட்டுமன்று. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றில் 4 கிராமுக்கு மேல் அதை உண்டால் ஈரல் கெடக்கூடும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் ரைலெனோலும் இதுவே. அங்கே அசிற்றாமினோபென் என்ற பெயரில் வழங்குவதும் இங்கே பரசிற்றமோல் என்று வழங்குவதும் ஒரு பொருள் என்பதை அறியாது, இரண்டையும் சேர்த்துண்ணும் முதியோர் நம் வீடுகளில் உள்ளனர்.

சாதாரணத் தடிமனும் சளிக்காய்ச்சலும் வைரசுவால் வருவன. அமொக்சிசிலின் போன்ற கிருமிகொல்லி மருந்துகள் வைரசுவை ஒன்றும் செய்யா. அவற்றைத் துண்டின்றிக் கொடுப்பது சட்டத்துக்கு முரண். கேட்டு வாங்குவது காசுக்கும் கேடு, நாளைக்கு உண்மையிலேயே வேண்டும்போது அம்மருந்து பயன்படாமற்போவதற்கும் வழி. முழங்கால் நோவுக்கும் இடுப்பு நோவுக்கும் டைக்குளோபினாக் குளிசையைத் தினமும் விழுங்கி வயலுக்குச் செல்லும் கமக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அழுத்தமோ நீரிழிவோ உள்ளவருக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் சிறுநீரக நோய் ஏற்கெனவே பல குடும்பங்களை வாட்டிவருகிறது. அதற்கு நாமும் எண்ணெய் வார்க்கவேண்டாம். பலமருந்தென்றும் விற்றமின் என்றும் அழகிய போத்தல்களில் வருபவற்றிற்குக் கொடுக்கும் காசு, குறைபாடு இல்லாதவருக்குப் பெரும்பாலும் வீண்காசே. "வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்ற பழமொழி இங்கே முற்றும் பொருந்தும். அக்காசுக்கு முட்டையும் மீனும் பயறும் முருங்கையிலையும் வாங்குவோமாக.

வைத்தியசாலையை விட்டுக்கொடுக்கலாமா?

அரச வைத்தியசாலைகளில் மாதாந்தக் கிளினிக் நடைபெறுகிறது. நீரிழிவுக்கும் அழுத்தத்துக்கும் உரிய முக்கிய மருந்துகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. நெடுநேரம் வரிசையில் நிற்கவேண்டும் என்பதாலும், "ஆஸ்பத்திரி மருந்து" என்ற இளக்காரத்தாலும் நம் மத்தியதர வகுப்பார் அதைக் கைவிட்டனர். பேசத் தெரிந்தவர்கள் நீங்கிய இடத்தில் குறைகேட்க ஆளில்லை. குறைகேட்க ஆளில்லாத இடத்தில் மருந்துத் தட்டுப்பாட்டைக் குறித்துக் கவலைப்படுவாருமில்லை. வரி செலுத்துவோர் யாவரும் அவ்வைத்தியசாலையின் உரிமையாளரே. அங்கே ஒரு மருந்து இல்லாதபோது, வெளியே வாங்குமாறு தரும் துண்டில் பொதுப்பெயரை எழுதுவித்து, முதலில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஒசுசல கடையை நாடுக; அங்கும் இல்லையெனில் இரண்டொரு கடையில் விலை கேட்டு வாங்குக. புடைவை வாங்க நாலு கடை ஏறுவோர், ஆயுள் முழுதும் உண்ணும் மருந்துக்கு இரண்டு கடை ஏறக்கூடாதா?

நாம் செய்யவேண்டியவை

தனிமனிதன் கேட்பது நன்று. ஊர் சேர்ந்து கேட்பது அதனினும் நன்று. ஆகவே சிலவற்றை முன்வைக்கிறோம்.

வைத்தியர்களுக்கு எம் வேண்டுகோள் இது. நீங்கள் நம் மக்களின் மதிப்புக்குரியவர்கள். போர்க்காலத்தில் மருந்துத் தடைகளுக்கும் குண்டுகளுக்கும் இடையில் இருந்ததைக் கொண்டு உயிர் காத்த வைத்தியர்களை இம்மண் மறக்காது. அந்த மரபில் வந்த நீங்கள் சட்டம் சொல்லும் பொதுப்பெயரைத் தெளிவாக எழுதுங்கள். கம்பனிப் பிரதிநிதி மேசையில் வைத்துச் செல்லும் பெயரினும், எதிரே அமர்ந்திருப்பவரின் சட்டைப்பை உங்கள் நினைவில் நிற்கட்டும்.

ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் தத்தம் வீட்டு முதியோரும் அயலாரும் உண்ணும் மருந்துகளைப் பொதுப்பெயர், அளவு, வேளை என்ற ஒழுங்கில் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரே மருந்து இரு பெயரில் இருமுறை உண்ணப்படுவது அப்போதே வெளிப்படும். தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறியது. ஆயினும் குளிசை அட்டையைக் கையிலேந்தும் நம் கமக்காரர் அதில் ஓரெழுத்தையும் வாசிக்க இயலாதவராகவே பெரும்பாலும் நிற்கிறார். உயிரோடு தொடர்புடைய அறிவுறுத்தலைத் தன் மொழியிற் பெறுவது ஆடம்பரக் கோரிக்கையன்று. மருந்து உறையிலேனும் பெயரும் வேளையும் தமிழிலும் எழுதப்படல் வேண்டும்.

கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒன்று: 1930களிலேயே மூளாயிற் கூட்டுறவு வைத்தியசாலையை எழுப்பிய மக்கள் நாம். பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தகுதிபெற்ற மருந்தாளரை அமர்த்தி, சிறு இலாபத்தில் விற்கும் மருந்துக்கடையை நம் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏன் ஊருக்கு ஊர் நடத்தக்கூடாது?

மக்கட் பிரதிநிதிகளுக்கும் ஒன்று: விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலைத் தமிழில் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் காட்சிக்கு வைக்கச் செய்யுங்கள். பொதுப்பெயர் எழுதும் விதியை நடைமுறைப்படுத்துமாறு கேளுங்கள். மருந்துகளின் தரச் சோதனை முடிவுகளை மக்கள் அறிய வெளியிடுமாறு வற்புறுத்துங்கள். மேடையிற் பேச ஆயிரம் பொருள் உண்டு. ஒவ்வொரு வீட்டின் மாதச் செலவைத் தொடும் பொருள் அவற்றுட் சிலவே.

முடிவாக வாசகர்களுக்கு ஒன்று. அடுத்தமுறை துண்டை நீட்டுமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "இதன் பொதுப்பெயர் என்ன? அதே மருந்து குறைந்த விலையில் எது?" மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கேளாமல் விடாதீர்கள். ஒருவர் கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். நூறு பேர் கேட்டால் அவரே விலைப்பட்டியலை எழுதித் தொங்கவிடுவார்!